கல்மரமும் தொட்டிமரமும்

கொள்ளிடத்தின் வடகரையில், ஐயன் வாய்க்காலும் பெருவளை வாய்க்காலும் நீர் பாய்ச்சும் லால்குடி வட்டாரத்தில், அண்மைக் காலமாகப் புதிய மரம் ஒன்று பெருமையோடு இடம்பிடித்து வருகிறது. புதிதாக எழும் இல்லங்களின் முகப்பிலும், புதுப்பிக்கப்பெறும் ஆலயங்களின் வாயிலிலும், கன்னியர் மடத் தோட்டங்களிலும், பள்ளி வளாகங்களிலும் அது இரண்டிரண்டாக நிற்கக் காணலாம். அடுக்கடுக்கான கிளைகள், அளந்து வெட்டியது போன்ற ஒழுங்கு, ஆண்டு முழுவதும் மாறாத பச்சை. நம் மக்கள் அதனைக் 'கிறிஸ்துமஸ் மரம்' என்கின்றனர். நர்சரிக்காரர்கள் 'அரக்கேரியா' என்கின்றனர்.

அம்மரத்தோடு நமக்குப் பகை ஏதுமில்லை. இறைவன் படைத்தவற்றுள் தீய மரம் என்று ஒன்றில்லை. ஆனால் எந்த மரம், எங்கே, எதற்காக, எதனை அகற்றிவிட்டு நடப்பெறுகிறது என்பது அறம் சார்ந்த வினா. வேரூன்றி நின்ற வேம்பையும் புங்கையும் வெட்டிச் சாய்த்து, மண் தெரியாதவாறு சிமெண்ட் கற்களைப் பதித்து, அவற்றின் நடுவே இரண்டு தொட்டிகளில் அரக்கேரியாவை நிறுத்தி, அதற்கு 'வளாகத்தை அழகுபடுத்தல்' என்று பெயரிடும் வழக்கத்தையே நாம் எதிர்க்கிறோம். இஃது ஏதோ தோட்டக்காரர்களின் சிறு விவகாரம் என்று எண்ணிவிட வேண்டா. நம்முடைய மண்ணை, நம்முடைய வரலாற்றை, நம்முடைய வழிபாட்டு மரபை நாம் எவ்வாறு மதிக்கிறோம் என்பதை அத்தொட்டிகள் ஊருக்கு அறிவிக்கின்றன.

யார் இந்த விருந்தாளி?

அரக்கேரியா, ஊசியிலை மரங்கள் எனப்படும் பெருங்குலத்தைச் சேர்ந்தது. அக்குலத்து மரங்கள் பூப்பதில்லை, கனி தருவதில்லை, கூம்பு வடிவான காய்களிலேயே அவற்றின் விதைகள் அடங்கியிருக்கும். நம் ஊர்களில் விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை தென் பசிபிக் பெருங்கடலில் உள்ள நியூ கலிடோனியாத் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட 'குக் பைன்' வகையின. அதன் உறவான நார்போக் தீவு மரத்தின் பெயரை இதற்குச் சூட்டி விற்பதும் உண்டு. வாங்குவோருக்கு வேறுபாடு தெரியாது. விற்போரில் பலருக்கும் தெரியாது.

இவ்விரு மரங்களும் வெளியுலகப் பார்வையில் பட்டது 1774-ஆம் ஆண்டில். ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் அவ்வாண்டு நியூ கலிடோனியாவையும் நார்போக் தீவையும் கண்டார். கம்பம் போல் நேராக உயர்ந்து நின்ற மரங்களைக் கண்டதும், ஆங்கிலக் கடற்படையின் பாய்மரங்களுக்கு இவை உகந்தவை என்று கருதினார். 1788-இல் ஆங்கிலேயர் நார்போக் தீவில் குடியேறியதற்கு அந்த நம்பிக்கையும் ஒரு காரணம். ஆனால் பாய்மரத்துக்கு வேண்டிய வலிமை அம்மரத்தில் இல்லை என்பது விரைவிலேயே புலனாயிற்று. நிமிர்ந்த தோற்றத்தைக் கண்டு எடைபோட்டவர்கள் ஏமாந்தனர். அத்தோற்றத்திற்காகவே பின்னர் அது உலகெங்கும் தோட்டங்களுக்குச் சென்றது.

தாயகத்தில் குக் பைன் ஏறத்தாழ 60 மீட்டர் உயரம் வரை வளரும். நம் கூடங்களில் தொட்டிக்குள் நிற்பது, இருநூறு அடி உயரம் வளர வேண்டிய ஒரு மரத்தின் மழலைப் பருவம் மட்டுமே. அடுக்கடுக்காய்க் கிளை பரப்பும் அழகும் அந்த இளமைக்கு உரியது. மரம் முதிரும்போது பழைய கிளைகளை உதிர்த்துவிட்டு, தண்டை ஒட்டிக் குறுங்கிளைகளை விட்டு, ஒடுங்கிய தூணாக மாறிவிடும். உச்சிக் குருத்து ஒருமுறை ஒடிந்தால் அதன் ஒழுங்கு கெட்டுவிடும். பக்கக் கிளையை வெட்டிப் பதியம் வைத்தாலோ, அது நிமிர்ந்து வளராது. தான் பக்கக் கிளையாய் இருந்ததை மறவாமல் பக்கவாட்டிலேயே வளரும்.

இன்னொரு செய்தியும் உண்டு. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து கண்டங்களில் நின்ற 256 குக் பைன் மரங்களை அளந்து பார்த்தனர். பூமத்திய ரேகைக்கு வடக்கே நடப்பட்டவை தெற்கு நோக்கியும், தெற்கே நடப்பட்டவை வடக்கு நோக்கியும் சாய்ந்திருக்கக் கண்டனர். சராசரிச் சாய்வு 8 பாகைக்கும் சற்று மிகுதி. ரேகையை விட்டு விலக விலகச் சாய்வும் மிகுந்திருந்தது. இதன் காரணத்தை விளக்குவது அறிவியலாரின் பணி. கொண்டுசென்று வைத்த இடமெல்லாம் ஒரு மரத்துக்குத் தன் இடம் ஆகிவிடாது என்ற அளவில் நாம் அதனை நினைவில் கொள்வோம்.

தொன்மை விற்பனைக்கு

இத்தகைய மரங்களின் மீது செல்வர்களுக்கு ஏன் இவ்வளவு மோகம்? அழகு மட்டும் காரணம் அன்று. இவை மிகப் பழங்காலத்தவை, அரியவை என்ற எண்ணமே அம்மோகத்தை வளர்க்கிறது. டைனோசர்கள் உலவிய காலத்து மரம் தன் முற்றத்தில் நிற்கிறது என்று விருந்தினரிடம் சொல்லிக்கொள்வதில் ஓர் இன்பம் இருக்கிறது.

1994-இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகருக்கு வடமேற்கே, வொல்லமை தேசியப் பூங்காவின் ஆழ்ந்த மலையிடுக்கு ஒன்றில், டேவிட் நோபிள் என்னும் பூங்கா அலுவலர் அதுவரை எவரும் அறியாத ஒரு மரத்தைக் கண்டார். அரக்கேரியாக் குடும்பத்தைச் சேர்ந்த அது, தொல்லுயிர்ப் படிவங்களில் மட்டுமே காணப்பெற்ற மரங்களுக்கு நெருங்கிய உறவு. இயற்கையில் எஞ்சியிருந்த முதிர்ந்த மரங்கள் நூற்றுக்கும் குறைவு. 2005-இல் அதன் கன்றுகள் சிட்னியில் ஏலம் விடப்பட்டன. அடுத்த ஆண்டு முதல் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டன. அந்த வருவாயில் ஒரு பங்கு தாய்மரங்களைக் காக்கச் செலவிடப்பட்டது. கன்று எளிதில் கிடைத்தால் திருட்டுத்தனமாக அம்மலையிடுக்கைத் தேடிச் செல்வோர் குறைவர் என்பதும் ஒரு நோக்கம். அதனை நாம் குறை கூறவில்லை. அதற்கு முன்னரே சீனாவில் இதுபோன்றதொரு வியப்பு நிகழ்ந்தது. 1941-இல் சப்பானிய அறிஞர் மிகி தொல்லுயிர்ப் படிவங்களிலிருந்து பெயரிட்ட மெட்டாசெகோயா என்னும் மரம், சில ஆண்டுகளிலேயே சீனாவின் உட்பகுதியில் உயிரோடு நிற்கக் கண்டறியப்பட்டது. 1948-இல் அதன் விதைகள் உலகத் தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டன.

இவை நல்ல செய்திகளே. ஆனால் அங்கெல்லாம் நடந்தது என்ன? தங்கள் மண்ணில் ஒளிந்திருந்த தொன்மையை அவர்கள் தேடிக் கண்டனர்; கண்டதைக் காத்தனர். 2020-இன் தொடக்கத்தில் பெருங்காட்டுத் தீ அம்மலைகளைச் சூழ்ந்தபோது, வானூர்தியிலிருந்து கயிற்றின் வழி இறங்கிய தீயணைப்பாளர் அந்த வொல்லமை மரங்களைக் காப்பாற்றினர். அவர்களிடம் நாம் கற்க வேண்டியது இந்தக் காவல் உணர்வை. நாமோ கன்றுக்கு விலை கேட்பதோடு நின்றுவிடுகிறோம்.

காலடியில் கிடக்கும் தொன்மை

தொன்மையைத் தேடி ஆஸ்திரேலியாவுக்கும் நியூ கலிடோனியாவுக்கும் போவானேன்? லால்குடியிலிருந்து வடக்கே ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணத்தில், பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர் இருக்கிறது. அங்கே தரையோடு தரையாக ஒரு மரம் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர். மரம்தான், ஆனால் முழுவதும் கல். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டது என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அதனைக் குறிக்கிறது. 1940-இல் அதனைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தவர் எம். எஸ். கிருஷ்ணன், நம் தஞ்சைத் தரணியில் பிறந்து, பின்னாளில் அத்துறையின் முதல் இந்தியத் தலைவராக உயர்ந்தவர். அம்மரம் எக்குலத்தது தெரியுமா? நம்மவர் விலை கொடுத்து வாங்கித் தொட்டியில் வைக்கிறார்களே, அதே ஊசியிலைக் குலம்!

ஒரு காலத்தில் அப்பகுதி கடலாக இருந்தது. கரையோரக் காட்டிலிருந்து ஆற்று வெள்ளம் அடித்து வந்த மரம் கடலில் மூழ்கிற்று, மண் மூடிற்று. மரத்தின் நுண்ணிய அறைகளில் நீரில் கரைந்த மணற்சத்து மெல்ல மெல்லப் புகுந்து படிந்து, மரத்தின் உருவம் மாறாமலேயே அதனைக் கல்லாக்கிவிட்டது. லால்குடி வட்டத்துக் கல்லக்குடியில் சிமெண்டுக்காக வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக் கல்லும் அப்பழங்கடலின் கொடையே. அதே வட்டத்து ஊட்டத்தூரின் பெயர் உலகப் புவியியல் நூல்களில் இடம்பெற்றிருக்கிறது. 1862-இல் பிளான்போர்டு என்னும் அறிஞர் இந்நிலப்பரப்பின் பாறைகளை மூன்று தொகுதிகளாக வகுத்தபோது, அவற்றுக்கு ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று நம் ஊர்ப் பெயர்களையே சூட்டினார்.

அயல்நாட்டு அறிஞர்கள் கடல் கடந்து வந்து இக்கற்களைக் கண்டு வியக்கின்றனர். நம் பங்குகளில் மறைக்கல்வி பயிலும் சிறுவருள் எத்தனை பேர் சாத்தனூரைப் பார்த்திருக்கின்றனர்? ஊட்டத்தூரின் பெருமையை எத்தனை பெற்றோர் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கின்றனர்? கல்லான சிப்பியையும் நத்தையையும் பொறுக்கிச் சென்று விளையாடி எறிவதோடு நம் உறவு முடிந்துவிடுகிறது. வேலிக்குள் பல கோடி ஆண்டுப் பழைமை கேட்பாரின்றிக் கிடக்க, வீட்டு வாசலில் விலைக்கு வாங்கிய 'பழைமை'க்கு நாள்தோறும் நீர் ஊற்றுகிறோம்.

உயிருள்ள ஊசியிலை மரமே வேண்டும் என்பார்க்கும் ஒரு விடை உண்டு. தென்னிந்தியாவில் இயற்கையாக வளரும் ஊசியிலைக் குலத்து மரம் ஒன்றே ஒன்றுதான். தாவரவியலார் அதனை 'நாகேயா' என்பர். குலத்தின் பெயருக்கு மாறாக அதன் இலை ஊசியன்று, அகன்ற இலை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காடுகளில் அது அரிதாய் நிற்கிறது. அதனைப் பெயர்த்துக்கொண்டு வந்து லால்குடியில் நடச் சொல்லவில்லை. அது நிற்க வேண்டிய இடம் அந்த மலைக்காடு. அக்காட்டைக் காப்பதே அம்மரத்துக்கு நாம் செய்யும் மரியாதை.

மாற்றுரைப்போர் கூற்று

நம் கூற்றை மறுப்போர் சொல்வனவற்றையும் நேர்மையோடு கேட்போம்.

'அரக்கேரியாவின் முன்னோர் இங்கேயே இருந்தனரே. அப்படியிருக்க அஃது எப்படி அந்நியம் ஆகும்?' என்பர் சிலர். நுட்பமான வாதம்தான். இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் நியூ கலிடோனியாவும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலமாய் இருந்த காலம் உண்டு. அக்காலத்தில் ஊசியிலைக் காடுகள் இங்கும் இருந்தன. ஆனால் அந்நிலம் பிளந்தது, நம் நாடு வடக்கே நகர்ந்து, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதியது, காலநிலை மாறிற்று, பூக்கும் மரங்கள் பெருகின. நம் சமவெளிக்கு ஏற்ற மரங்கள் எவை என்பது அந்த நெடுங்காலத்தில் முடிவாயிற்று. சாத்தனூரில் அம்மரம் கல்லாய்க் கிடப்பதே அதற்குச் சான்று.

'அயல்மரம் எல்லாம் தீது என்றால் முந்திரியையும் சவுக்கையும் வெட்டிவிடலாமா?' என்பர் வேறு சிலர். வேண்டா. முந்திரி கடல் கடந்து வந்தது. ஏழையின் அடுப்பையும் வயிற்றையும் காத்தது. சவுக்கு ஆஸ்திரேலியாவிலிருந்தும் கீழைத் தீவுகளிலிருந்தும் வந்தது. பந்தற்காலாகவும் விறகாகவும் உழைத்து இம்மண்ணில் தன் இடத்தை ஈட்டிக்கொண்டது. நம் சிற்றூர்களில் குடிலின் அருகே நட்டு வைத்து நட்சத்திரம் தொங்கவிட்டதும் சவுக்குக் கிளையைத்தானே! வந்த மரம் வந்த இடத்தில் யாருக்கு உதவுகிறது என்பதே நம் வினா. உதவாத மரத்துக்கு இடம் தர, உதவும் மரம் வெட்டப்படுகிறதே என்பதே நம் வழக்கு.

'கிறிஸ்துமஸ் மரம் உலகத் திருச்சபையின் அடையாளம். உரோமையிலேயே வைக்கிறார்களே' என்பார்க்கும் ஒரு சொல். தூய பேதுரு சதுக்கத்தில் அம்மரம் முதன்முதலில் நிறுத்தப்பெற்றது 1982-இல், புனித இரண்டாம் யோவான் பவுல் திருத்தந்தையாக இருந்தபோது. அஃது ஐரோப்பிய மலைகளில் வளரும் மரம். அம்மக்கள் தங்கள் மலைகளின் மரத்தைக் கொண்டுவந்து இறைமகன் பிறப்பைக் கொண்டாடுகின்றனர். நம் அரக்கேரியாவோ அந்த மரமும் அன்று; குடும்பமே வேறு. பெத்லகேமிலும் அது வளர்ந்ததில்லை, ஐரோப்பியக் காட்டிலும் வளர்ந்ததில்லை, காவிரிக் கரையிலும் வளர்ந்ததில்லை. மூன்றிடத்துக்கும் உரிமையில்லாத ஒன்றை மூன்றுக்கும் அடையாளமாக்குவது எவ்வகை மரபு?

'ஏதோ ஒரு மரம் நட்டால் நல்லதுதானே' என்ற சொல்லும் அடிக்கடி காதில் விழுகிறது. இந்த எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குக் கொடைக்கானல் சான்று. பழனி மலையின் உச்சிகளில் சோலைகளுக்கிடையே பரந்து கிடந்த புல்வெளிகளை வெற்றிடம் என்று எண்ணி, கடந்த நூற்றாண்டில் யூக்கலிப்டசையும் வாட்டிலையும் மெக்சிகோ நாட்டுப் பைனையும் நட்டனர். இன்று சுற்றுலாப் பயணிகள் பைன் காட்டில் நின்று படம் எடுத்து மகிழ்கின்றனர். மழைநீரைத் தேக்கிக் கீழே உள்ள ஊர்களுக்கு மெல்ல மெல்ல அளித்து வந்த புல்வெளியின் பெரும்பகுதி மறைந்துபோனது அவர்களுக்குத் தெரியாது. அம்மலையில் குடியேறிய அயல் தாவரங்களை முறையாக ஆராய்ந்து 1969-இலேயே நூலாக வெளியிட்டவர் நம்மவர்: இயேசு சபைத் தந்தை கே. எம். மேத்யூ. திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1967-இல் ராபினட் உலர்தாவரகத்தை நிறுவியவரும் அவரே. தமிழகச் சமவெளியின் செடி கொடிகளை ஊர் ஊராய் நடந்து தொகுத்துப் பல தொகுதிகளாக உலகுக்கு அளித்தார். ஒரு துறவி நம் புதர்களையும் புற்களையும் இவ்வளவு மதித்து எழுதி வைத்திருக்க, நாம் நம் வளாகத்து வேம்பின் அருமையை அறியாதிருப்பது முறையாகுமா?

நிழலின் கணக்கு

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது பழமொழி. நம் வட்டாரத்துச் சித்திரை வெயிலை எவருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பங்குத் திருவிழாவுக்குச் சுற்றுப்புற ஊர்களிலிருந்து நடந்து வரும் முதியோர் எங்கே அமர்வர்? அடக்கத் திருப்பலிக்கு வந்து ஆலயத்துக்குள் இடமின்றி வெளியே நிற்போர் எங்கே ஒதுங்குவர்? மறைக்கல்வி முடிந்த சிறுவர் எங்கே விளையாடுவர்? தூண் போல் ஒடுங்கி நிற்கும் அரக்கேரியாவின் நிழல் ஒரு மனிதரையும் முழுமையாய் மறைக்காது. வேம்பின் அடியில் ஒரு தெருவே அமரலாம். புங்கை நிழலின் குளிர்ச்சியை அறியாத உழவர் இல்லை.

சிமெண்ட் கல் பதித்த தரை பகலெல்லாம் வெயிலை உண்டு இரவெல்லாம் அனலாய் உமிழ்கிறது. மழைநீர் மண்ணுக்குள் இறங்காமல் சாக்கடைக்கு ஓடுகிறது. ஆற்றங்கரையில் வாழும் நாம் ஆழ்துளைக் கிணற்றை ஆண்டுதோறும் இன்னும் ஆழமாக்குகிறோம். கோடையில் அத்தொட்டிமரம் வாடாதிருக்க அந்நீரையே இறைத்து ஊற்றுகிறோம். இதில் அழகு எங்கே இருக்கிறது?

இலுப்பையை எண்ணிப் பாருங்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று நம் முன்னோர் சொன்னது வெறும் ஏளனம் அன்று. அதன் பூ உண்மையாகவே இனிக்கும். அதன் விதையெண்ணெய் விளக்கெரித்தது. அதன் கட்டை தேரானது. மருதம் வாய்க்கால் கரையின் மண்ணைப் பிடித்து நின்றது. நாவல் சிறுவர்க்கும் கிளிக்கும் ஒருசேரப் பழம் தந்தது. இவை பணமின்றிக் கிடைப்பதனால் மதிப்பிழந்தன. நன்கொடையாளர் பெயர்ப்பலகை வைக்கத் தொட்டிமரம் வசதியாயிற்று. வேம்பின் அடியில் யார் பெயரை எழுதுவது?

குருத்தோலை காட்டிய வழி

நம் முன்னோர் இத்தகைய குழப்பத்துக்கு ஆளாகவில்லை. எருசலேமுக்குள் நுழைந்த ஆண்டவரை மக்கள் மரக்கிளைகளோடு வரவேற்றதைத் திருச்சபை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறது. நம் நாட்டில் ஒலிவ மரம் இல்லையே என்று அவர்கள் கவலைப்பட்டு, கப்பலில் ஒலிவக் கன்றுகளை வருவிக்கவில்லை. தென்னையின் குருத்தை எடுத்தனர், சிலுவையாய்ப் பின்னினர், அந்நாளுக்கே 'குருத்தோலை ஞாயிறு' என்று பெயரிட்டனர். அந்த ஓலையை வீட்டில் செருகி வைத்து, மறு ஆண்டு திருநீற்றுப் புதனுக்கு அதனையே எரித்துச் சாம்பலாக்கினர். நற்செய்தி நம் மண்ணில் வேர்விட்டது என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டுமோ?

லால்குடிக்குக் கிழக்கே, அதே கொள்ளிடக் கரையை ஒட்டிய ஏலாக்குறிச்சியில் வாழ்ந்து உழைத்த வீரமாமுனிவர் இத்தாலியில் பிறந்தவர். ஊசியிலைக் காடுகளை அறியாதவர் அல்லர். ஆயினும் புனித சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணியாய்ப் பாடியபோது, யூதேயா நாட்டைத் தமிழ் மருத நிலமாகவே வருணித்தார். அயல்நாட்டில் பிறந்த அவர் நம் வயலை விண்ணகச் செய்திக்கு உரிய இடமாகக் கண்டார். இம்மண்ணில் பிறந்த நாம் அதே செய்திக்கு அயல்நாட்டுத் தொட்டியைத் தேடுகிறோம்.

நிலத்தையே செடிகொடியின் பெயரால் அழைத்த இனம் நம்முடையது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பூவையும் மரத்தையும் கொண்டே வாழ்வை வகுத்தனர். லால்குடி மருத நிலம். மருத நிலத்து ஆலயத்தில் ஒரு மருத மரமேனும் நிற்க வேண்டாவா?

திருவிவிலியத்திலும் ஊசியிலை மரம் உண்டு. லெபனோனின் கேதுரு அக்குலத்ததே. சாலமோன் எருசலேம் கோவிலை அம்மரத்தாலேயே கட்டினார். இறைவாக்கினரும் திருப்பாடல் ஆசிரியர்களும் அதனைப் புகழ்ந்தனர். அது அவர்கள் கண்ணெதிரே நின்ற மலையின் மரம். அதே கேதுரு செருக்கின் உருவமாய் நின்றபோது எசாயா அதனைக் கண்டிக்கவும் தயங்கவில்லை. நீதித்தலைவர்கள் நூலில் யோத்தாம் கூறும் உவமையும் நாம் அறிந்ததே. மரங்கள் தங்களுக்கு ஓர் அரசனைத் தேடின. ஒலிவம் தன் எண்ணெயை விட்டு வர மறுத்தது. அத்தி தன் இனிமையை விட்டு வர மறுத்தது. திராட்சை தன் இரசத்தை விட்டு வர மறுத்தது. பயன் தரும் மரம் எதுவும் மற்ற மரங்களுக்கு மேலாய் வெறுமனே அசைந்தாடும் வேலையை ஏற்கவில்லை. இறுதியில் முட்செடி ஏற்றுக்கொண்டது. தன் நிழலில் வந்து தங்குமாறு எல்லா மரங்களையும் அழைத்தது! முட்செடிக்கு ஏது நிழல்? யோத்தாம் அரசியலுக்காகச் சொன்ன உவமை நம் ஆலய முற்றத்துக்கும் பொருந்திவிடுகிறது.

செய்ய வேண்டுவன

2015-இல் திருத்தந்தை பிரான்சிஸ் 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டு, பூமியை நம் பொது இல்லமாகக் காணும்படி அழைத்தார். அம்மடலைப் பற்றிக் கருத்தரங்குகள் நடத்துகிறோம், பதாகைகள் கட்டுகிறோம். கருத்தரங்கு முடிந்து சிறப்பு விருந்தினருக்கு நாம் அளிக்கும் நினைவுப் பரிசோ ஒரு தொட்டி அரக்கேரியா!

ஆகவே பங்குப் பேரவைகளையும் அன்பியங்களையும் பக்த சபைகளையும் சில செயல்களுக்கு அழைக்கிறோம்.

ஏற்கெனவே நிலத்தில் ஊன்றி வளர்ந்துவிட்ட அரக்கேரியாவை எவரும் வெட்ட வேண்டா. வந்தேறிய மரத்தையும் உயிராகவே மதிப்போம். அது தன் காலம் வாழட்டும். ஆனால் இனி ஆலய வளாகத்தில் ஒரு நிழல்மரத்தை அகற்ற நேர்ந்தால், பங்குப் பேரவையில் அறிவித்து, மக்கள் கருத்தைக் கேட்ட பின்னரே அகற்ற வேண்டும். சிமெண்ட் கல் பதித்தே ஆக வேண்டும் என்றால், ஒவ்வொரு மரத்தைச் சுற்றியும் கிளை பரவும் அளவுக்கு மண்ணைத் திறந்து விட வேண்டும்.

புதுநன்மை, உறுதிபூசுதல், திருமணம், குருத்துவ விழா ஆகியவற்றின் நினைவாக நடப்பெறும் கன்றுகள் வேம்பு, புங்கை, இலுப்பை, மருதம், நாவல், பூவரசு ஆகியவற்றுள் ஒன்றாய் இருக்கட்டும். நர்சரிகளில் இவை கிடைப்பதில்லை என்று கைவிரிக்க வேண்டா. கேட்போர் இருந்தால் விற்போர் வளர்ப்பர். நாவற் கொட்டையையும் வேப்பங்கொட்டையையும் முளைக்க வைக்க நர்சரிதான் வேண்டுமோ?

கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு வளாகத்தில் நிற்கும் வேம்பிலேயே நட்சத்திர விளக்குகளைக் கட்டுங்கள். 1223-இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் அசிசியின் புனித பிரான்சிஸ் குடில் அமைத்தபோது, அவ்வூரின் வைக்கோலையும் மாட்டையும் கழுதையையும் கொண்டே அமைத்தார். நம் வயலின் வைக்கோலும் நம் பனையோலையும் நம் வேம்பும் பாலன் இயேசுவுக்குப் போதாவா?

விடுமுறை நாள்களில் மறைக்கல்விச் சிறுவரைச் சாத்தனூருக்கு அழைத்துச் செல்லுங்கள். அக்கல்மரத்தின் முன் நிறுத்தி, இது மரமாய் நின்ற காலத்தைச் சொல்லுங்கள். படைப்பின் நீண்ட காலத்தை நூலில் படிப்பதைவிட அக்கல்லைத் தொட்டுப் பார்க்கும்போது பிள்ளைகள் நன்கு உணர்வர். தொல்லுயிர்ச் சிப்பிகளைப் பொறுக்கி வராமல் அவ்விடத்திலேயே விட்டுவரவும் கற்றுக்கொடுங்கள். அரிய மரத்தின் மீதும் பழைமையின் மீதும் உண்மையான பற்றுடையோர்க்குச் செல்ல வேண்டிய இடம் அதுதான்.

பல கோடி ஆண்டுகளை எவரும் தொட்டியில் வாங்கிவிட முடியாது. அது நம்மிடம் முன்னமே இருக்கிறது, காவலைத்தான் கேட்கிறது. நம் முற்றத்து வேம்பு கேட்பது அதனினும் குறைவு: வெட்டாதிருந்தால் போதும்.